மாமா பார்க்காத பார் விளையாட்டு

சர்க்கஸ் என்றால் மற்றவர்களுக்கு யானை நினைவுக்கு வரும், கோமாளி நினைவுக்கு வருவான். எனக்கு என் மாமாவின் முதுகுதான் நினைவுக்கு வருகிறது. வெள்ளை அரைக்கைச் சட்டை, நடு முதுகில் வியர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே கட்டம் போட்ட கைலி. இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, கூடாரத்துக்கு முதுகைக் காட்டி, கொளவாய் ஏரியைப் பார்த்தபடி நிற்பார். உள்ளே பேண்டு வாத்தியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருக்கும். செங்கல்பட்டே அண்ணாந்து வாயைப் பிளந்திருக்கும் நேரத்தில் இந்த மனிதர் மட்டும் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்பார். அவரைத் திரும்ப அழைத்து வரும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். அதனால்தான் அந்த முதுகு இவ்வளவு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாமா என் உம்மாவின் கூடப் பிறந்தவர். மார்க்கெட் பக்கம் கயிற்றுக் கடை வைத்திருந்தார். தேங்காய் நார்க் கயிறு, நூல் கயிறு, நைலான் கயிறு, தார்பாய், கிணற்று வாளி, இவைதான் சரக்கு. கடைக்குள் காலை வைத்தாலே நார் வாசனை மூக்கில் ஏறித் தும்மல் வரும். யார் வந்து கயிறு கேட்டாலும் முதலில் அவர் கேட்கும் கேள்வி, "எதுக்கு?" கிணற்றுக்கா, மாட்டுக்கா, பந்தலுக்கா என்று தெரியாமல் ஒரு முழம் கூட வெட்ட மாட்டார். சிலருக்குக் கோபம் வரும். கயிறு விற்கிறவனுக்கு எதற்கு இந்த விசாரணை என்று பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்பார். தொட்டிலுக்கு என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், புதுச் சுருளைப் பிரித்து, அதன் ஒரு நுனியைக் கடைத் தூணில் கட்டி, தானே தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நல்ல கனமான ஆள். தூண்தான் பாவம்.

ஊருக்கு சர்க்கஸ் வந்தால் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஏரிக்காற்று வரும் மைதானத்தில் கூடாரம் அடிப்பார்கள். அடித்த கையோடு சர்க்கஸ் மேனேஜர் மாமா கடைக்கு வந்து ஒரு சுமை கயிறு வாங்கிப் போவார். கூடவே எங்கள் வீட்டுக்கு பாஸ் வந்துவிடும். உம்மா, வாப்பா, மாமா, நான், இடுப்பில் என் தம்பி என்று குடும்பமாகப் போய் முன்வரிசையில் உட்காருவோம். யானை வரும், ரசிப்பார். ஒட்டகம் வரும், ரசிப்பார். கோமாளி வந்தால் எங்களை விடச் சத்தமாகச் சிரிப்பார். கடைசியில் விளக்கெல்லாம் அணைந்து, கூடார உச்சியில் ஊஞ்சல் கம்பியில் தொங்கித் தாவும் பார் விளையாட்டு ஆரம்பிக்கும். பளபளவென்று உடை போட்டவர்கள் கயிற்றேணியில் ஏறத் தொடங்குவார்கள். முதல் ஆள் பாதி ஏணி ஏறுவதற்குள் மாமாவின் நாற்காலி காலியாகிவிடும்.

எங்கள் வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. மச்சானுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது என்று வாப்பா ஆரம்பித்து வைப்பார். உம்மா, தன் தம்பியாயிற்றே என்று கூடப் பார்க்காமல், சின்ன வயதில் அவர் மாடிப்படி ஏறவே பயந்த கதையை எடுத்துவிடுவார். ஒரு தடவை நான் அவரைக் கூப்பிட வெளியே போனபோது, ஏன் மாமா, பயமா என்று கேட்டேவிட்டேன். அவர் ஏரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் வித்த கயிறு. அதுல ஒருத்தன் தொங்கிகினு கீறான். குந்திகினு வேடிக்க பாக்க சொல்றியா?"

உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதிக்கொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பேண்டு நின்று கைதட்டல் கேட்ட பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமா விற்ற கயிற்றில் யாருமே தொங்கவில்லை. வாப்பா ஒரு நாள் மேனேஜரைப் பிடித்துக் கேட்டுவிட்டார். பார் விளையாட்டுக்கான கயிறும் கம்பியும் வலையும் அவர்களோடு ஊர் ஊராக வருகிறதாம், வெளியில் வாங்குவதே கிடையாதாம். மாமா கடைக் கயிறு ஒட்டகத்தைக் கட்டுவதற்கு. வாப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடமாக மச்சான் ஒட்டகத்துக்காகவா துவா செய்துகொண்டிருந்தார் என்று தெருவெல்லாம் சொல்லித் தீர்த்தார். மாமாவும் சிரித்தார். அடுத்த முறை சர்க்கஸ் வந்தது. பார் விளையாட்டு ஆரம்பித்தது. நாற்காலி காலி. அவசரத்துக்கு நம் கயிற்றை எடுத்துக் கட்டியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் என்ன பேசுவது?

மாமா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. கடை என் தம்பி கைக்கு வந்தது. கயிறோடு பிளாஸ்டிக் பக்கெட், கொசு வலை, மழைக் கோட்டு என்று அவன் சரக்கைப் பெருக்கிக்கொண்டான். அவனுக்கு ஒரே பெண். எங்கள் வீடுகளில் வாப்பாவின் சகோதரியை மாமி என்று கூப்பிடுவதுதான் வழக்கம், ஆகவே அந்தப் பெண்ணுக்கு நான் மாமி. அவள் பள்ளிக்கூடத்தில் கயிறு மல்லர்கம்பம் கற்றுக்கொண்டாள். தொங்கும் கயிற்றில் காலாலேயே ஏறி, அதையே பிடியாக வைத்து ஆசனம் போடுகிற விளையாட்டு. பள்ளியோடு முடிந்துவிடும் என்று நினைத்தோம். முடியவில்லை. உடற்கல்வி படித்தாள். ஊரப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்தது. அதற்குள் மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் பெரிய செலவில் ஒரு சாகச மேடை நிகழ்ச்சி வந்து இறங்கியது, ஆள் எடுத்தார்கள், இவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இங்கே ஆடிக்கொண்டிருந்த வரைக்கும் தம்பி வாயைத் திறக்கவில்லை. சீசன் முடிந்து நிகழ்ச்சி பெங்களூருக்கும் அங்கிருந்து துபாய்க்கும் போகப் போகிறது, அவளும் கூடப் போக வேண்டும் என்றதும் வீடு இரண்டுபட்டது. ஊரப்பாக்கம் பள்ளியும், அடுத்த ஜூனிலாவது சேருவதானால் இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லச் சொன்னது. தம்பி இதுவரை ஒரு தடவை கூட அந்த நிகழ்ச்சியைப் பார்க்கப் போனதில்லை. போகவும் மாட்டேன், வெட்கக்கேடு, ஊர் என்ன சொல்லும், இவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா என்றான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தான். அக்கா போய்ப் பார்க்கட்டும், பெண்ணை ஊர் ஊராக அனுப்பும் அளவுக்கு அதில் ஏதாவது இருக்கிறது என்று அக்கா சொன்னால் போகட்டும், இல்லையென்றால் ஊரப்பாக்கம். அந்தப் பெண்ணும் ஒத்துக்கொண்டுவிட்டாள்.

தம்பி ஏன் என் பெயரைச் சொன்னான் என்று எனக்குத் தெரியாதா? நான் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாண பிரியாணியாக இருந்தாலும் சரி, பட்டுப் புடவையாக இருந்தாலும் சரி, என் வாயிலிருந்து அதிகபட்சம் வருவது 'பரவாயில்லை'தான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் பேச்சைக் காதில் வாங்கி வாங்கி எனக்கு எதையும் சட்டென்று மெச்சத் தோன்றுவதில்லை. தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டுதான் தம்பி நீதிபதியை அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. வாடகைக் காரில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனேன். மாமல்லபுரம் தாண்டி நெம்மேலிக்கு முன்னால், சவுக்குத் தோப்பை ஒட்டி வெள்ளைக் கூடாரம் தெரிந்தது. அங்கே ஆரம்பித்தது என் எரிச்சல். காரை ஒரு கோடியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து வாசலுக்கு வந்தால், ஒரு பெண் என் பையைத் திறந்து ஃபிளாஸ்கை எடுத்து வைத்துக்கொண்டாள். சர்க்கரை போடாத டீ, எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்றேன். உள்ளே கிடைக்கும் மேடம் என்றாள். உள்ளே கிடைத்தது. ஒரு வாய் டீக்கு அவர்கள் கேட்ட விலையில் எங்கள் தெருவுக்கே நாஸ்தா வாங்கிக் கொடுக்கலாம். தம்பி மகள் எடுத்துக் கொடுத்த டிக்கெட் என் கையில் இருந்தது, ஆனால் அதன் பின்னால் அச்சடித்திருந்த விலையைப் பார்த்ததும் யார் வீட்டுக் காசாக இருந்தாலும் வயிறு எரிந்தது.

உள்ளே குளிரூட்டி போட்டு உறைய வைத்திருந்தார்கள். முக்காட்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் வந்து இங்கிலீஷில் வரவேற்றார், அதையே அரைகுறைத் தமிழிலும் சொன்னார். பிறகு புகை விட்டார்கள். புகை என்றால் கொசு மருந்து அடிக்கிற மாதிரிப் புகை. முன்வரிசையில் பாதிப் பேர் இருமினார்கள். சுவரளவு திரையில் கடல் தெரிந்தது. நூறு தப்படி தள்ளி நிஜக் கடல் சும்மா கிடக்கிறது, அதை விட்டுவிட்டு இவர்கள் திரையில் கடலைக் காட்டுகிறார்கள். அந்தக் கடலுக்கடியில் ஓர் இளவரசி, அவளுடைய முத்தை யாரோ திருடிவிட்டார்கள், அவள் அதைத் தேடிக்கொண்டு போகிறாள். இதுதான் கதை. அதைச் சொல்ல ஒரு குரல், இடி இடிக்கிற மாதிரி. ஏதோ நடக்கப் போகிறது, நடக்கப் போகிறது என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்ததே தவிர ஒன்றும் நடந்தபாடில்லை.

ஆட்கள் பறந்தார்கள். ஆமாம், பறந்தார்கள். இடுப்பில் கம்பி மாட்டி மேலே இழுத்தால் என் பீரோ கூடப் பறக்கும். மீன் வேடம் போட்டவர்கள், ஆமை வேடம் போட்டவர்கள் எல்லாரும் குறுக்கும் நெடுக்குமாகப் பறந்தார்கள். எனக்கு ஒரு நொடி கூட நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. கீழே விழ முடியாதவன் மேலே என்ன செய்தால் என்ன? இதற்கு நடுவில் ஓர் இளைஞன் நாற்காலி மேல் நாற்காலி அடுக்கித் தலைகீழாக நின்றான். அது உண்மையிலேயே கஷ்டமான வித்தை. அதைப் பார்க்க விடாமல் அவன் மேல் பச்சை, சிவப்பு, ஊதா என்று விளக்கை அடித்து, பின்னால் திரையில் சுறா மீனை ஓடவிட்டார்கள். சுறா மீனைப் பார்ப்பதா, பையனைப் பார்ப்பதா? பையன் உடம்பை வருத்திக் கற்றுக்கொண்ட வித்தை, சுறா மீனுக்குப் போய்விட்டது.

பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. கல்பாக்கம் பக்கம் குடியிருப்பிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். ஆரம்பத்திலிருந்து போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார், எல்லாவற்றையும் அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தார். கை வலிக்காதா என்று கேட்டேன். வீட்டில் போய் நிதானமாகப் பார்க்கலாம் என்றார். இடைவேளையில் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். சும்மா சொல்லக்கூடாது, நல்ல புகை என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை.

இடைவேளை முடியும்போதே என் மனதில் தீர்ப்பு தயாராகிவிட்டது. பேஜாரு. தம்பியிடம் அப்படித்தான் சொல்லப் போகிறேன். இதற்காகவா ஒரு பெண் ஊர் ஊராகப் பெட்டி தூக்க வேண்டும்? ஊரப்பாக்கத்தில் பிள்ளைகளுக்கு மல்லர்கம்பம் சொல்லிக் கொடுக்கட்டும். மாதச் சம்பளம், மின்சார ரயிலில் ஏறினால் வீடு. எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

கதையில் ஏதோ ஓரிடத்தில் இளவரசிக்கு வழி தெரியாமல் போகிறது. விளக்கெல்லாம் அணைந்தது. அந்த இடிக்குரல் நின்றது, திரை இருண்டது, புகையும் இல்லை. மேலே இருந்து ஒரே ஒரு கயிறு மெதுவாக இறங்கியது. அதன் கீழே என் தம்பி மகள் வந்து நின்றாள். முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள், எல்லாருக்கும் இடுப்பில் கம்பி உண்டு, எனக்குக் கிடையாது மாமி, கால்ல சுத்திக்கிற கயிறுதான் பிடி, கீழே ஒரு மெத்தை இருக்கும் என்று. சொன்னபோது அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. அவள் கயிற்றைப் பிடித்தாள். ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மாமா கடைத் தூணில் கட்டி இழுத்துப் பார்ப்பாரே, அதே இழுப்பு. ஏற ஆரம்பித்தாள்.

நான் எப்போது எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது. அந்தக் கல்பாக்கத்து அம்மாவின் முழங்காலை இடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் காலை மிதித்து, அவர் ஏதோ சொல்ல, இருட்டில் தட்டுத்தடுமாறி வெளியே வந்து விழுந்தேன்.

வெளியே நல்ல வெயில். ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி நின்றேன். தெரிந்த எல்லாவற்றையும் ஓதினேன். பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். என்னைக் கொண்டு வந்த டிரைவர் ஒரு வண்டிக் கடையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னாம்மா, அதுக்குள்ள முடிஞ்சிபோச்சா?"

காற்று வாங்க வந்தேன் என்றேன். உள்ளே ஏசி போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்களே, இந்த வெயிலில் என்ன காற்று என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போய்ச் சுண்டலைத் தின்னுங்க என்றேன். உள்ளே ஒரே நிசப்தம். அந்த நிசப்தம் எனக்கு எவ்வளவு பெரியதாக இருந்தது என்று யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. பிறகு கைதட்டல் வந்தது. முதலில் சிதறி, அப்புறம் கூடாரமே அதிர்கிற மாதிரி. கூடாரத்துக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

நிகழ்ச்சி முடிந்து அவள் பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். முகத்தில் பூச்சு கூடக் கலைக்கவில்லை. கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். எட்டி நின்றாள்.

"மேல போனதும் உங்க சீட்டத்தான் தேடினேன் மாமி. காலியா இருந்துச்சு."

பார்க்க முடியவில்லையடி என்றேன். மீனைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பார்த்தேன். ஆமையை? பார்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னை மட்டும் பார்க்காமல் போய்விட்டீர்களே, இப்போது வாப்பாவிடம் என்ன சொல்வீர்கள் என்றாள். மாமா கதையைச் சொல்ல வாயெடுத்தேன். பயத்தால் இல்லை, பாசத்தால்தான் என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமி. ஆனா மேல இருக்கறவளுக்கு முதுகுதான தெரியுது?"

வீடு வரும் வரைக்கும் அந்தப் பேச்சு காதை விட்டுப் போகவில்லை. மாமாவின் கதை எத்தனை முறை எங்கள் வீட்டில் பேசப்பட்டிருக்கும்! பயந்தவர் என்று வாப்பா பேசினார், நல்ல மனசு என்று பிற்பாடு நான் பேசினேன். பாரில் தொங்கியவர்களின் பக்கமிருந்து ஒருத்தரும் பேசியதில்லை. அவர்களுக்கு மாமா யாரோ. முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியானால் அவர்களுக்கென்ன? இவளுக்கு அப்படியா? இத்தனை மாதமாகக் கூடாரம் நிறைய ஆட்கள் அவளைப் பார்த்திருக்கிறார்கள், அவள் வீட்டிலிருந்து ஒரு கண் கூட இல்லை. ஒரு கிழவி வந்தாள், அவளும் எழுந்து ஓடிவிட்டாள். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது.

கடையில் தம்பி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். நிகழ்ச்சி எப்படி என்று கேட்டான். புகை, மீன், ஆமை, டீ விலை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அவள் எப்படிச் செய்தாள் என்றான். பார்க்கவில்லை, வெளியே போய் நின்றுவிட்டேன் என்றேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த நைலான் சுருளைக் கீழே வைத்துவிட்டு, அது என்ன கயிறு என்று கேட்டான். எத்தனை கனம், நூலா, உள்ளே வேறு ஏதாவது வைத்துப் பின்னியதா, மேலே எதில் கட்டியிருக்கிறார்கள், முடிச்சா கொக்கியா? எனக்கு என்ன தெரியும்? தெரியாது என்று சொல்லச் சொல்ல அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வெட்கம், ஊர் என்ன சொல்லும், கல்யாணம் என்று இத்தனை நாள் அவன் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? அந்தக் கேள்விகளில் ஒன்றில் கூட ஊர் இல்லை. இவன் இத்தனை மாதமாகக் கடைக்குள் உட்கார்ந்தபடியே கூடாரத்துக்கு முதுகு காட்டிக்கொண்டிருக்கிறான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன், அடுத்த ஞாயிறு நீயும் வருகிறாய் என்றேன். மாட்டேன் என்றான். அப்படியென்றால் நான் அவளைத் துபாய் போகச் சொல்லிவிடுவேன் என்றேன். வந்தான்.

அடுத்த ஞாயிறு, ஃபிளாஸ்கை காரிலேயே வைத்துவிட்டு உள்ளே போனோம். அதே புகை. அதே மீன்கள். தம்பி கூடாரத்தின் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு அணைந்து கயிறு இறங்கியது. பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன், தம்பி இல்லை. என் காலும் எழப் பார்த்தது. நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஏறினாள். கையால் கொஞ்சம், காலால் மிச்சம். உச்சிக்குப் போனதும் கயிற்றைத் தொடையில் ஒரு சுற்று, கணுக்காலில் ஒரு சுற்று சுற்றி இரண்டு கையையும் விட்டாள். அப்படியே சாய்ந்து, தலைகீழாக, இருட்டில் என் வரிசையைத் தேடினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பைத்தியக்காரி மாதிரி கையைத் தூக்கி ஆட்டினேன். பின்னாலிருந்து யாரோ உட்காருங்க என்றார்கள், உட்கார்ந்துதான் இருந்தேன். அவள் பார்த்துவிட்டாள். உதட்டோரம் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் எங்கள் வீட்டுப் பெண் மாதிரியே இல்லை. கயிறு அவள் சொன்னபடி கேட்டது. ஓரிடத்தில் உச்சியிலிருந்து உருண்டு உருண்டு கீழே வந்தாள், கயிறு அவள் உடம்பிலிருந்து பிரிந்துகொண்டே வந்தது, தரைக்கு ஒரு முழம் மேலே சட்டென்று நின்றாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில்தான் அழுதேன், அழகுக்காக என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை மூடவில்லை. சுறா மீன் இல்லை, ஊதா விளக்கு இல்லை. அந்த நிகழ்ச்சியைக் கட்டியவர்களுக்கு அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் புத்தி வந்திருக்கிறது.

மிச்ச நிகழ்ச்சியைப் பற்றி என் கருத்து மாறவில்லை. பின்வாசலில் அவள் வந்ததும் அதையே சொன்னேன். மற்றதெல்லாம் குப்பை, நீ செய்தது நன்றாக இருந்தது என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னடி என்றேன். பரவாயில்லை என்று சொல்வீர்கள் என்று நினைத்தேன் மாமி என்றாள்.

அவளை உடை மாற்ற அனுப்பிவிட்டுத் தம்பியைத் தேடிப் போனேன். ஜெனரேட்டரைத் தாண்டி, சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை, நடு முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. இரண்டு கையையும் முன்னால் கட்டியிருந்தான். கொஞ்ச நேரம் எனக்குக் காலம் இடம் எதுவும் புரியவில்லை, கூப்பிட்டுப் போக வந்த சின்னப் பெண் மாதிரி பின்னாலேயே நின்றேன். பிறகு போய் அவன் தோளைத் தொட்டேன். முடிந்துவிட்டது, நன்றாக இறங்கிவிட்டாள் என்றேன். பெருமூச்சு விட்டான். ஊரப்பாக்கத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடு, அவள் போகட்டும் என்றேன். தலையை மட்டும் ஆட்டினான்.

எனக்குப் பழைய வாய் திரும்பி வந்துவிட்டது. இவ்வளவு விலைக்கு டிக்கெட் வாங்கிவிட்டு மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே, அது உன் கடைக் கயிறு கூட இல்லையேடா என்றேன்.

அவன் இன்னும் திரும்பவில்லை.

"கயிறு நம்மளுது இல்லக்கா. தொங்கினது நம்மளுதாச்சே."